பெருமாளுக்குப் பின்னால் ஆறு சிலிண்டர்

என் கார் எவ்வளவு வேகம் போகும் என்று யாராவது கேட்டால், மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் என்று சொல்வேன். கேட்டவர் வெளியூர்க்காரர் என்றால் வாயைப் பிளப்பார். காஞ்சிபுரத்துக்காரர் என்றால், "எங்க?" என்று கேட்பார்.

நியாயமான கேள்விதான். நான் குடியிருப்பது பெரிய காஞ்சிபுரம் பக்கம், தறிச் சத்தம் கேட்டால்தான் பொழுது விடிந்ததாக ஒப்புக்கொள்ளும் ஒரு தெருவில். அதன் ஒரு முனையில் பிள்ளையார் கோயில், மறுமுனையில் டிரான்ஸ்பார்மர். இரண்டுக்கும் நடுவில் என் கார் இரண்டாவது கியரைத் தொடுவதற்குள் சாமியா கரண்டா என்று முடிவு செய்தாக வேண்டும். தெருவைத் தாண்டினால் சுற்றுலா பஸ், அதிலிருந்து இறங்குகிறவர்களைப் புடவைக் கடைக்கு அள்ளிப் போகும் ஆட்டோ, நடுரோட்டில் அசைபோடும் மாடு. வாங்கி எட்டு மாதத்தில் நான் தொட்ட உச்ச வேகம் நாற்பத்திரண்டு. அதுவும் இறக்கத்தில்.

கார் என்று சொல்கிறேனே தவிர, அது ஸ்டேஷன் வேகன். வெளிநாட்டுக் கம்பெனி. பெயரைச் சொன்னால், என்னிடம் வந்து சேர்ந்ததை நினைத்து அவர்கள் வருத்தப்படக்கூடும், வேண்டாம். பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல். மூன்று லிட்டர் டீசல் எஞ்சின், ஆறு சிலிண்டர், தோல் சீட்டு, கூரை முழுக்கக் கண்ணாடி. முன்னாலிருந்து பார்த்தால் மந்திரி வருகிறார் என்று தோன்றும். பின்னாலிருந்து பார்த்தால் மந்திரி மளிகைக் கடை வைத்துவிட்டார் என்று தோன்றும். நம் ஊரில் இந்த மாதிரி வண்டி விலை போகாமல் கம்பெனியே சோர்ந்துபோய் விற்பதை நிறுத்திவிட்டது. நிறுத்திய பிறகு வாங்குவதுதான் என் வழக்கம். சீடி வந்த வருஷம் கேசட் கடை வைத்தவன் நான்.

இப்போது பார்ப்பது புடவை டிசைன் தொழில். கம்ப்யூட்டரில் மாங்காய், மயில், யாளி எல்லாம் கட்டம் கட்டமாக வரைந்து நெசவாளர்களுக்குக் கொடுப்பேன். நாள் முழுக்க மயிலுக்குத் தோகை ஒட்டிக்கொண்டிருப்பவனுக்கு ஒரு நாள் பறக்க வேண்டும் என்று ஆசை வராதா? வந்தது. சென்னைக்குப் போய் இதை வாங்கி, விற்றவரின் டிரைவரை ஓட்டவைத்துக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினேன். என் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, "ரெண்டுங்கெட்டான்" என்றாள். காரைச் சொல்கிறாள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தெருவில் பலபேர் பலவிதமாகக் கேட்டார்கள். ஆம்புலன்ஸா என்றார்கள். ஒரு துக்க வீட்டிலிருந்து வாடகைக்கு வருமா என்று கேட்டு வந்தவர், நீட்டிப் படுக்க வைத்தால் தலை இடிக்குமா என்று முழம் போட்டே பார்த்தார். இடிக்காது என்று நானும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன்.

அந்தக் காரில் என் பெரிய பெருமை பின்கதவு. இரண்டு கையிலும் சாமான் இருந்தாலும் கவலை இல்லை. சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றால் போதும். பம்பருக்கு அடியில் காலை ஒரு வீசு வீசினால், கதவு தானாக, ரொம்ப நிதானமாக, மேலே எழும். கூடவே "டிங்... டிங்..." என்று பூஜை மணி போல ஒரு சத்தம். எதிர்வீட்டு நெசவாளர் அண்ணனைக் கூப்பிட்டு மூன்று தடவை வீசிக் காட்டினேன். மூன்றையும் பொறுமையாகப் பார்த்தார்.

"கையால தொறந்தா இன்னாபா? கை நோவுதா?" என்று கேட்டுவிட்டுத் தறிக்குப் போய்விட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு ஏழாம் மாதம் வந்தது. வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வளைகாப்புக்குப் பெண்ணைப் பெற்றவர்கள் ஏழு வகைச் சாதம் செய்து எடுத்துப் போக வேண்டும். வளையல் அடுக்கி, வந்தவர்களுக்கு அந்தச் சாதத்தைப் போட்டு, அதன் பிறகு பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்து வரலாம். வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அதற்குள் வளையல் கைக்கு ஏற வேண்டும்.

"குட்டியானை ஒன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி. சரக்கு ஏற்றும் குட்டி வண்டியைத்தான் சொல்கிறாள்.

"வாசல்ல இவ்ளோ பெரிய வண்டி நிக்குது. ஏழு தூக்கு இன்னா, எழுவது தூக்கு போவும்."

"போவும். போய்ச் சேருமா?"

"சேரும்."

அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். முறத்தைக் கீழே வைத்தால் பேச்சுவார்த்தை முடிந்தது, தீர்ப்பு என்று அர்த்தம்.

"இந்தாங்க, ஒன்னு சொல்றேன். ஏழு சாதமும் பத்தரைக்குள்ள வாலாஜாபாத் போய்ச் சேரணும். சேந்துச்சின்னா வண்டி இங்கியே நிக்கட்டும், அதப்பத்தி வாயத் தொறக்க மாட்டேன். சேரலன்னா திங்கக்கிழமை நீங்களே போட்டோ புடிச்சி, நீங்களே போன்ல போட்டு, நீங்களே வித்துடணும்."

பதினைந்து கிலோமீட்டர். இருநூற்றைம்பது குதிரை சக்தி. நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வைகாசி மாதம், வரதர் கோயிலில் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்தது. சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெருமாள் காலையில் புறப்பட்டு எங்கள் பக்கம் வரை வந்து திரும்புவார். கருட சேவை நாளில் காஞ்சிபுரத்தில் பிறந்த எவனும் வண்டியை எடுக்க மாட்டான். ஆனால் இது கருட சேவை இல்லை, வேறு வாகனம். எனக்கு ஐம்பத்தாறு வயது, ஐம்பத்தாறு பிரம்மோற்சவம் பார்த்தாகிவிட்டது. எங்கே எப்போது திரும்புவார் என்று காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஆறு மணிக்குக் கிளம்பினால் பெருமாள் வருவதற்கு முன்பே தாண்டிவிடலாம். தாமதமானால் எட்டு மணிக்கு மேல், அவர் திரும்பிப் போன பிறகு. நடுவில் மட்டும் மாட்டக் கூடாது.

விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து என் மனைவியும் அவள் தங்கையும் சமைத்தார்கள். புளியோதரை, எலுமிச்சை, தக்காளி, மாங்காய், தேங்காய், தயிர் சாதம், ஏழாவதாகச் சர்க்கரைப் பொங்கல். ஏழு எவர்சில்வர் தூக்கு, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, பின்சீட்டை மடக்கி ஜம்மென்று ஏற்றியாயிற்று. கூடவே கரண்டி, ஒரு கட்டுத் தொன்னை. தங்கை, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். புத்திசாலி.

ஆறு மணிக்கு எஞ்சினைக் கிளப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், தெருவில் பாவு.

எதிர்வீட்டு அண்ணன் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டியிருந்தார். வெயில் ஏறுவதற்குள் இழையெல்லாம் சரிபார்த்துச் சுருட்ட வேண்டும். பாவு நீட்டியிருந்தால் எங்கள் தெருவில் சைக்கிள்கூட நகராது. கல்யாண ஊர்வலமாக இருந்தாலும் நின்றுதான் போகும். இதுவும் எனக்கு ஐம்பத்தாறு வருஷமாகத் தெரியும். காகிதத்தில் அதைப் போட மறந்திருந்தேன்.

"எப்ப சுத்துவீங்கண்ணா?"

"ஆவும்பா. எழை அறுந்துகினே இருக்குது. உன் வண்டில எத்தினி குதிர சொன்ன?"

"இருநூத்தம்பது."

"எல்லாத்தியும் புடிச்சிக் கட்டிப்போடு. ஒன்னு உதைச்சிச்சின்னாலும் எனுக்கு ஒரு மாசம் போச்சு."

என் மனைவி கண்ணாடியை இறக்கினாள். "நீங்க நிதானமா பண்ணுங்கண்ணா. லேட்டா போனா இவரு வண்டிய விக்கணும். அதான் பறக்கறாரு."

"அப்டியாமா? அப்ப இன்னும் மெதுவா சுத்தறேன்."

சொன்னபடியே செய்தார். பாவு சுருண்டு வழி கிடைத்தபோது மணி ஏழே முக்கால். பரவாயில்லை, கணக்கில் இரண்டாவது பாதி இருக்கிறது, பெருமாள் இந்நேரம் திரும்பியிருப்பார் என்று சந்து சந்தாகப் புகுந்து பெரிய ரோட்டில் கொண்டுபோய்க் காரை நுழைத்தேன்.

இங்கே என் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெருமாள் வரும் வழியெல்லாம் மண்டகப்படி. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பந்தல் போட்டு, அவரை நிறுத்தி, மாலை சாற்றி, கற்பூரம் காட்டித்தான் அனுப்பும். ஒவ்வொரு பந்தலுக்கும் நான் ஐந்து நிமிடம் போட்டிருந்தேன். பெருமாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் நுழைந்ததும் பின்னால் போலீஸ் கயிறு கட்டியது. முன்னால் பார்த்தேன். குடை தெரிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி பெருமாளுக்கு முன்னால் தமிழ்ப் பிரபந்தம் பாடுகிறவர்கள் போவார்கள், பின்னால் வேதம் சொல்கிறவர்கள் வருவார்கள். அன்றைக்கு முன்னால் தமிழ், நடுவில் பெருமாள், பின்னால் வேதம், அதற்கும் பின்னால் டீசல்.

பெருமாள் நடந்தால் நாங்கள் நடந்தோம். அவர் நின்றால் நின்றோம். உலகத்தில் எங்கெங்கோ பனிமலையில் சீறிப் பாய்வதற்கென்று செய்த எஞ்சின், உருமக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு ஊர்ந்தது. இரண்டு பேர் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் வைப்பரில் துளசி செருகினார்.

மணி ஒன்பது பத்து. இன்னொரு மண்டகப்படி.

"தயிர் சாத மூடி ஆடிச்சி. எறங்கிப் பாருங்க" என்றாள் மனைவி. "ஓட்டறதுக்குத்தான் ஒன்னும் இல்லியே."

இறங்கிப் பின்பக்கம் போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். சாவி சட்டைப் பையில். அந்த நேரம் பார்த்துப் பந்தலில் கற்பூரம் ஏற்றினார்கள். கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு மனிதர், பச்சைத் துண்டு, கூடவே மனைவி, மாமியார், இன்னும் நாலைந்து உறவு, மனம் உருகி, நடுரோட்டில் பெருமாளை நோக்கி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நடுவில் இருந்தது என் கார். நீட்டிய இரண்டு கையும் என் பம்பருக்கு அடியில் போயின.

டிங்.

கதவு எழுந்தது. அவசரமே இல்லாமல், மணி அடித்துக்கொண்டு, வெயிலில் பளபளத்துக்கொண்டு. உள்ளே மஞ்சள் குங்குமத்தோடு, மல்லிகைப்பூவோடு, ஏழு தூக்கு. புளியோதரையின் பெருங்காய வாசனை ரோட்டில் இறங்கியது.

கீழே கிடந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். என் காரை அப்படி ஒரு முகத்தோடு அதுவரை யாரும் பார்த்ததில்லை. வாங்கிய அன்றைக்கு நான்கூட.

"தென்னேரிலேந்து மொத பஸ்ஸுக்கு வந்தம் சாமி" என்றார், படுத்தபடியே. "இன்னும் ஒரு வாய் காப்பி குடிக்கல. மனசுக்குள்ள நெனச்சேன், தொறந்துட்டாரு."

இது பிரசாதம் இல்லை, என் மகள் வளைகாப்பு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எழுந்து மாமியாரை இழுத்து எனக்கு முன்னால் நிறுத்திவிட்டார். அந்த அம்மா இரண்டு கையையும் குவித்து நீட்டினார். நீங்கள் சொல்லிவிடுவீர்களா? பெருமாள் இருபதடி தூரத்தில் நிற்கிறார்.

ஒரு கரண்டி போட்டேன். ஒன்றே ஒன்று.

காஞ்சிபுரத்தில் உற்சவ நாளில் நீளமாக ஒரு வண்டி நின்று, பின்கதவு திறந்து, உள்ளே தூக்கு தெரிந்தால் யாரும் விசாரணை வைக்க மாட்டார்கள். வரிசை கட்டுவார்கள். நான் கரண்டியை எடுத்து நிமிர்வதற்குள் வரிசை நகைக்கடை வாசலைத் தாண்டியிருந்தது. பயந்துபோய்க் கதவை மூடும் பொத்தானை அழுத்தினேன். டிங் என்று இறங்க ஆரம்பித்தது. வரிசையில் நின்ற ஒருவர், "பாத்து, பாத்து" என்று அக்கறையாகக் கையைக் கொடுத்துத் தாங்கினார். யாராவது கை வைத்தால் மறுபடி மேலே போய்விட வேண்டும் என்று அந்தக் கதவுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போய்விட்டது.

"இன்னா வேகமா குடுக்கறாரு பாரு, ஒவ்வொருத்தருக்கும் மணி அடிக்கறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வேதம் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பெரியவர் ஒருவர் பின்னால் நடந்து வந்தார். "ஓய், நாங்க வெளியில சாப்பிடறதில்லை, தெரியுமோல்லியோ?"

"தெரியும் சாமி."

"அப்புறம் எதுக்கு அந்த வாசனையை மட்டும் எங்க பக்கம் அனுப்பறீர்? ரெண்டு பேருக்கு வரி தப்பிப் போச்சு."

இந்தச் சமயத்தில்தான் மனைவி இறங்கி வந்தாள். வரிசையைப் பார்த்தாள். தூக்கைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கிலியாக இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"நவுருங்க. நீங்க குடுக்கறதுல பாதி ரோட்டுக்குப் போவுது."

சர்க்கரைப் பொங்கல், தேங்காய், தயிர், மூன்று தூக்கையும் உள்ளே தள்ளி அவற்றின் மேல் தன் கைப்பையை வைத்தாள். "இத்த எவனாவது தொட்டா பெருமாள் பாத்துக்குவாரு" என்று பொதுவாக அறிவித்தாள். பிறகு தொன்னைக் கட்டைப் பிரித்து, புளியோதரையில் ஆரம்பித்து, எலுமிச்சை, தக்காளி, மாங்காய் என்று ஒரு பருக்கை கீழே விழாமல் நாலு தூக்கையும் காலி செய்தாள். தள்ளிக்கொண்டு வந்தவர்களை, "ஏம்மா, நீ மூணாவது வாட்டி வர்ற. அந்தப் பக்கம் போய் சாமியும் கொஞ்சம் பாரு" என்று அனுப்பினாள். கயிறு பிடித்திருந்த போலீஸ்காரருக்கு எலுமிச்சை சாதம் இரண்டு தொன்னை.

இரண்டாவது தொன்னை முடிந்ததும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "எங்கமா போவணும்?" என்று கேட்டார்.

"வாலாஜாபாத். பொண்ணுக்கு வளைகாப்பு."

அவர் கையிலிருந்த தொன்னையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முன்னாடியே சொல்றதில்லியா சார்?" என்றார். பிறகு விசிலை எடுத்தார். "பிரசாத வண்டிபா, ஓரம் போ, ஓரம் போ." கூட்டம் பிளந்து ஒரு பக்கத்துச் சந்து தெரிந்தது. பின்கதவு டிங் என்று மூடியது. தென்னேரிக்காரர் கும்பிட்டார். என்னையா காரையா என்று தெரியவில்லை, நானும் கும்பிட்டுவைத்தேன்.

ஊரை விட்டு வெளியே வந்தபோது மணி பத்து ஐந்து. முன்னால் சாலை காலியாக, நேராகக் கிடந்தது. எட்டு மாதமாக நான் கனவு கண்ட காட்சி. மெதுவா போங்க என்று சொல்வாள் என்று மனைவியைப் பார்த்தேன்.

"இன்னா பாக்கறீங்க? அழுத்துங்க."

அழுத்தினேன். அதற்குப் பிறகு நடந்ததை நான் ஓட்டினேன் என்று சொல்வது பொய். ஆறு சிலிண்டரும் ஒன்றாக மூச்சு இழுத்தன, சீட்டு என்னை முதுகில் அறைந்தது, புளியமரமெல்லாம் ஒரே மரமாகிவிட்டது. பின்னால் நாலு காலித் தூக்கும் தாளம் போட்டன. முள் நூற்றுப் பத்தைத் தொட்டது. இவ்வளவு நாள் பறக்க ஆசைப்பட்ட மயிலுக்கு உயரம் என்றால் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. நல்லவேளை, முன்னால் ஒரு நெல் லாரி வந்தது. என் வாழ்க்கையில் எந்த லாரியையும் அப்படி அன்போடு பார்த்ததில்லை. மொத்தம் நான்கு நிமிடம் பறந்திருப்போம். மீதி வழி முழுக்க முப்பதில், உமி பறக்க.

பத்து இருபத்திரண்டுக்குச் சேர்ந்தோம். சம்பந்தியம்மாள் வாசலிலேயே நின்று தூக்கு இறங்குவதை எண்ணினார். மூன்றுக்குப் பிறகு ஒன்றும் இறங்கவில்லை.

"மிச்சம் பின்னால வருதா சம்பந்தி?"

நான் காருக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன். மனைவியின் குரல் மட்டும் கேட்டது.

"வரல சம்பந்தி. வழியில பெருமாள் நிறுத்திட்டாரு. நாலு அவுருக்கு, மூணு நம்ம பொண்ணுக்குன்னு பிரிச்சிக் குடுத்து அனுப்பிச்சாரு. நான் இன்னா பண்ண முடியும்?"

சம்பந்தியம்மாள் வைப்பரில் இருந்த துளசியைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ராகுகாலத்துக்கு முன்பு வளையல் ஏறியது. சர்க்கரைப் பொங்கலைப் பாதி வாலாஜாபாத் வந்து கைநீட்டி வாங்கிப் போனது.

மகளை அழைத்துக்கொண்டு திரும்பும்போது, எல்லாம் நல்லபடியாக முடிந்த தைரியத்தில், "பாத்தியா, நேரத்துக்குச் சேத்துட்டேன்" என்றேன்.

"நேரத்துக்குச் சேந்துச்சி. எத்தினி சேந்துச்சி?"

"மூணு."

"நான் எத்தினி சொன்னேன்?"

மகள் பின்னால் வளையல் குலுங்கச் சிரித்தாள். திங்கட்கிழமை நானே போட்டோ பிடித்தேன்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கோட்டு போட்டவர், கார் தெரிந்தவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடி ரசித்தார். உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டார். அந்த நான்கு நிமிடத்தில் புளியோதரைத் தூக்கில் அடியில் நின்ற எண்ணெய் கவிழ்ந்து கார்ப்பெட்டுக்குள் இறங்கியிருந்தது. ஏசி அதை எடுத்துச் சுற்றிச் சுற்றி விநியோகம் செய்தது. ஐந்து நிமிடம் கழித்து அவர் காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"இங்க பக்கத்துல நல்ல சாப்பாடு எங்க சார் கிடைக்கும்?" என்றார். வழி சொன்னேன். போனவர் வரவே இல்லை. அடுத்து வந்தவரும் அப்படியே. மூன்றாமவர், "சமையல் காண்ட்ராக்டா சார்?" என்று கேட்டார். இப்படியே பேத்தி பிறந்தாள், குப்புற விழுந்தாள், உட்கார்ந்தாள். கார் வாசலிலேயே நின்றது. மறு வைகாசியும் வந்துவிட்டது.

ஒரு நாள் மனைவி பூக்கடைக்குப் போய்விட்டு வந்து புளியை எடுத்து ஊறவைத்தாள். ஒரு வீட்டுக்கான புளி இல்லை, ஒரு தெருவுக்கானது.

"சனிக்கிழமை வண்டிய பாக்க ஒருத்தர் வராரு" என்றேன்.

"வரவேணாம்னு சொல்லுங்க."

"ஏன்?"

"பூக்கடையில நாலு பேரு கேக்கறாங்க, இந்த வருஷம் உங்க வண்டி எத்தினி மணிக்கு வருதுன்னு. விக்கறோம்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்க போய்ச் சொல்லுங்க."

நான் போகவில்லை. உற்சவத்தன்று பாவு சுருட்டும் வரை காத்திருந்து (இந்தத் தடவை அண்ணன் சீக்கிரமே சுருட்டினார், அவருக்கும் புளியோதரை உண்டு) அதே சந்து வழியாக, அதே இடத்தில், வேதத்துக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தோம். பெரியவர் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ்காரர் கயிற்றைத் தூக்கி உள்ளே விட்டார்.

பந்தலில் கற்பூரம் ஏற்றியபோது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தென்னேரிக்காரர். இந்தத் தடவை பாதித் தென்னேரியைக் கூட்டி வந்திருந்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டி, பம்பரைக் குறி பார்த்து விழுந்தார். கையை நீட்டினார்.

கதவு அசையவில்லை. சாவி என்னோடு முன்னால் இருந்தது.

இன்னொரு முறை கையை நீட்டினார். அவர் பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக அவர் என்னவெல்லாம் சொல்லி வைத்திருப்பாரோ. நான் ஸ்டியரிங்குக்குக் கீழே கையைவிட்டு, யாருக்கும் தெரியாமல், உள்ளே இருந்த பொத்தானை அழுத்தினேன்.

டிங்.

"இன்னா பண்றீங்க?" என்றாள் மனைவி, கரண்டியோடு இறங்கப் போனவள்.

"ஒன்னும் இல்ல. நீ போ, வரிசை பெருசா இருக்குது."